கடுகு வாங்கப் போனவள்

பாப்பா ஓடுது என்றார் ஹனீபா பாய். ஐயோ, விழுந்துட்டாளா பாய் என்று கேட்டேன். இல்ல தங்கச்சி, விழலை, ஓடுது, நல்லாத்தான் ஓடுது, நானே தைக்கிறதை விட்டுட்டு எழுந்து பார்த்தேன், இரும்மா கடைக்கு ஆள் வந்திருக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். போன் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும் பேசாத போனை எதற்குக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரியவில்லை. மேடையில் ரசம் இறக்கி வைத்திருக்கிறது, பக்கத்தில் தாளிக்கிற கரண்டியில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறது, கடுகு இல்லை, கடுகு வாங்கத்தான் அவள் போயிருக்கிறாள். பவதாரணி. என் ஒரே பெண். பதினேழு வயது. பதினாறு மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள். நேற்று சாயங்காலம் கூடத்திலிருந்து பாத்ரூமுக்குப் போக இரண்டு இடத்தில் நின்றவள், நின்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டவள், அந்த உதட்டை நான் பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் ஓடுகிறாளாம். நல்லாத்தான் ஓடுகிறாளாம். கடிகாரம் பத்து நாற்பத்திரண்டு காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போகிறான், எல்லாம் அது பாட்டுக்கு நடக்கிறது. என் கால்தான் நடுங்குகிறது. அவள் ஓடினால் என் கால் ஏன் நடுங்க வேண்டும்?

ஹனீபா பாய் பேசியிருக்கவே கூடாது, மிஸ்டு கால்தான் கொடுக்க வேண்டும், அதுதான் பேச்சு. ஒரு தடவை அடித்துக் கட் பண்ணினால் பாப்பா தாண்டிப் போய்விட்டாள், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். விடாமல் அடித்தால் ஏதோ ஆகிவிட்டது, எடு என்று அர்த்தம். தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருக்கிற மாரப்பன் முதலில், திரும்பினால் டெய்லர் ஹனீபா பாய், அதற்கப்புறம் மளிகைக்கடை தண்டபாணி. போகும்போது மூன்று, வரும்போது இரண்டு, மொத்தம் ஐந்து மிஸ்டு கால். நேற்றே மூன்று பேரிடமும் நேரில் போய்ச் சொல்லி, நம்பரைப் போட்டுக் கொடுத்து, ஒரு தடவை அடிக்க வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கலெக்டர் வருகைக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு நடக்காது. ஆனால் ஜெசிந்தா மேடம் சொன்னதை நான் மீறவில்லை, அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, தாரணிக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மேடம் எழுதிக் கொடுத்த தாள் இதோ பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்கக் கூடாது. நான் ஐந்து வாரமாகக் கேட்கவில்லை. காலை உற்றுப் பார்க்கக் கூடாது. சரி, அதைப் பற்றி அப்புறம். ஐந்தாம் வாரம் தனியாகக் கடைக்குப் போய்வர வேண்டும், உண்மையாகவே தேவைப்படுகிற ஒரு பொருளை வாங்கிவர வேண்டும், யாரும் பின்னால் போகக் கூடாது. நான் பின்னால் போனேனா? வீட்டில்தானே நிற்கிறேன். கடுகும் உண்மையாகவே இல்லை. டப்பாவில் இருந்ததை நேற்று ராத்திரி எதிர்வீட்டுக்குக் கொடுத்து உண்மையாக்கிவிட்டேன். இப்படியெல்லாம் ஒருத்தி எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டால் அந்த மேடத்துக்கு இனி என்ன குறை இருக்க முடியும்?

ஓடுது என்றால் எங்கே ஓடுது? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேனே. கடைப் பக்கமா, கடையைத் தாண்டியா? தாண்டினால் பைபாஸ் ரோடு. பைபாஸில் லாரி. நாய் துரத்தியதோ? நாய் துரத்தினால் பாய் நாய் என்று சொல்லியிருப்பாரே. யாராவது பையனோ? போடி, பதினாறு மாதமாக வீட்டுக்குள் கிடப்பவளுக்குப் பையன் எங்கிருந்து வந்தான். இல்லை, வீட்டை விட்டே ஓடுகிறாளா? கையில் இருபது ரூபாயும் காலில் ஆஸ்பத்திரி செருப்பும் வைத்துக்கொண்டு எவளாவது வீட்டை விட்டு ஓடுவாளா. மனசு எதை எதையோ எடுத்துப் போடுகிறது, முக்கியமான ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றி வருகிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதுதானே முதலில் வந்திருக்க வேண்டும். என் பெண் ஓட வேண்டும் என்று மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துகொண்டவள் நான். நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஓட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், வேண்டும்போது எதற்குக் குறைத்துக் கேட்க வேண்டும் என்று. ஓடுகிறாள் என்று ஒருவர் போன் பண்ணிச் சொல்கிறார். வந்தது சந்தோஷம் இல்லை. வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடும்போது கணுக்கால் மடங்கி விழுந்தாள். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் மடங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நானும் இருந்தேன். கட்டுப் போட்டார்கள், பிறகு ஆபரேஷன் என்றார்கள், தையல் பிரித்தார்கள், படம் எடுத்துப் பார்த்து எல்லாம் சேர்ந்துவிட்டது, போகலாம் என்றார்கள். எல்லாம் சேர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. போகாததோடு வளர்ந்தது. ஃபேன் காற்று பட்டால் கத்தினாள். போர்வை பட்டால் கத்தினாள். நான் கரூரில் பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், இருபது வருஷமாக வெளிநாட்டுக்குப் போகிற பெட்ஷீட்டை டியூப்லைட் மேஜையில் விரித்துப் போட்டு ஒரு நூல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், கழித்துக்கட்டின பெட்ஷீட் எங்கள் வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது, என் பெண்ணின் காலால் ஒரு பெட்ஷீட்டைத் தாங்க முடியவில்லை. அட்டைப்பெட்டியை வெட்டிக் குகை மாதிரி செய்து அதற்குள் காலை வைத்துப் படுக்கப் பண்ணினேன். அந்தக் கால் ஒரு நாள் ஊதா நிறத்துக்குப் போகும். தொட்டால் ஒரு கால் சுடும், ஒரு கால் ஜில்லென்று இருக்கும். அந்தக் காலில் மட்டும் வியர்க்கும். கொலுசைக் கழற்றச் சொல்லி அழுதாள், கழற்றுவதற்கு அரைமணி நேரம் ஆனது. அவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்த காலத்தில்கூட அவளை நான் இவ்வளவு பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் காலின் நிறம், பத்து மணிக்கு மேனேஜரிடம் கெஞ்சி ஒரு போன், மத்தியானம் ஒரு போன், சாயங்காலம் வந்து கைப்பையை வைப்பதற்கு முன்னால் கால். வலி எத்தனைடி, பத்துக்கு எத்தனை? ஏழும்மா. காலையில ஆறுன்னு சொன்னே? இப்ப ஏழும்மா. அந்த ஏழு என் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும், சோறு இறங்காது.

முதலில் பார்த்த டாக்டர் ஒருவர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் சுத்தமா இருக்கு, பொண்ணுக்குக் கொஞ்சம் கவனிப்பு தேவைப்படுது போல, ஒரே பொண்ணா என்று கேட்டார். ஒரே பெண்ணாக இருந்தால் கணுக்கால் வீங்குமா என்று நான் கேட்டேன், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். என் நாத்தனார் வளைகாப்பு வீட்டில் வைத்து, நாலு பேர் நடுவில், பரீட்சை வந்தா எங்க தாரணிக்குக் கால் வலி வந்துரும் என்று சிரித்தாள். நான் வளையலை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமல் வந்தேன். இன்றைக்குவரை அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ப்ளஸ் டூ பரீட்சை எழுத முடியவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து நடிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றிப் பேசினார், அவருக்கு நான் காபிகூடக் கொடுக்கவில்லை. ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் பெண்ணை நம்பின ஒரே ஆள் நான். அதை நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெருமையாக, பஸ்ஸில் போகும்போது, துணி மடிக்கும்போது. இப்போது டெய்லர் கடையிலிருந்து ஒரு போன். ஒரே ஒரு போன். அப்போ நடிப்பா? சொல்லிவிட்டேன். சொல்லமாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன். ஹனீபா பாய் ஓடுது என்று சொன்ன அந்த நொடியிலேயே அது என் வாய்வரைக்கும் வந்து நின்றது, எங்கேயோ தூரத்திலிருந்து வரவில்லை, பக்கத்து அறையில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்து எழுந்து வந்த மாதிரி வந்தது. அப்படியானால் அது எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது? நாத்தனாரைத் திட்டும்போதும் இருந்ததா? அவ்வளவு சத்தமாகத் திட்டியது அவளையா, இதையா? ச்சீ. ஒரு தாய் நினைக்கிற நினைப்பா இது. நினைத்தாகிவிட்டது. துணியில் ஒரு தடவை கறை கண்ணில் பட்டுவிட்டால் அதற்கப்புறம் கறையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

போன் ஒரு தடவை அடித்து நின்றது. தண்டபாணி. கடைக்கு வந்துவிட்டாள். அப்பாடா, பைபாஸ் பக்கம் போகவில்லை. சரி, கடைக்குத்தான் ஓடியிருக்கிறாள். கடைக்கு எதற்கு ஓட வேண்டும்? கடுகு என்ன ஓடியா போய்விடும்? பத்து நாற்பத்துமூன்று. அடுப்பைத் துடைக்கிறேன். துடைத்த அடுப்பையே துடைக்கிறேன். ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் பெற்றோருக்கு ஒரு வகுப்பு உண்டு, எங்களைத் தனியாக ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். ஒரு புதன்கிழமை ஜெசிந்தா மேடம் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். தாரணி மாடிப்படி ஏறுவதை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆசையாகப் பார்த்தேன். எடுத்திருந்தது என்னை. படிக்குக் கீழே நான் நிற்கிறேன், முந்தானையை வாயில் வைத்திருக்கிறேன், அவள் ஒவ்வொரு படிக்கும் காலைத் தூக்க என் முகம் இழுத்துக்கொள்கிறது, எனக்கே அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் இல்லை அது. நடுவில் மேடம் படத்தை நிறுத்தி, பொண்ணு எங்க பாக்குறா பாருங்க என்றார். படத்தின் ஓரத்தில் தாரணியின் தலை. அவள் படியைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைக்கிறாள். மற்ற அம்மாக்கள் உச்சுக்கொட்டினார்கள். காயம் ஆறிடுச்சும்மா, ஆனா நரம்பு இன்னும் ஆபத்துன்னே நம்பிட்டிருக்கு, உங்க முகம் ஆமா ஆபத்துதான்னு அதுக்குச் சொல்லிக்கொடுக்குது என்றார் மேடம், திட்டுகிற மாதிரி இல்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். போட்டோவுல நான் எப்பவுமே நல்லா விழமாட்டேன் மேடம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் தயிர்ச்சாதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் என்றால் தாரணி அப்பா, குழந்தைவேலு, பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், இன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தாரணி, அந்த ரிமோட்டை எடுத்துட்டு வா சாமி என்பார். ரிமோட் டிவி பக்கத்தில் இருக்கும், எட்டு அடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புள்ள நடக்க முடியாம கிடக்குது, உங்களுக்கு ரிமோட் கேக்குதா என்று கத்துவேன். அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்து கொடுப்பாள். அவர் டிவியைத்தான் பார்ப்பார். காலைப் பார்க்கமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார், கையை மட்டும் நீட்டுவார். கல் நெஞ்சு என்று நினைத்தேன், அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்த எட்டு அடியில் அவள் எங்கேயாவது நின்றாளா? சமையலறையிலிருந்து நான் எட்டிப் பார்த்த அன்றைக்கு நின்றாள். எட்டிப் பார்க்காத அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? என்னடா இது. நான் பார்க்காதபோது அவள் எப்படி நடக்கிறாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பதினாறு மாதம் காலைப் பார்த்தேன், பத்துக்கு எத்தனை என்று கேட்டேன், நிறம் பார்த்தேன், வியர்வை பார்த்தேன், நான் இல்லாத இடத்தில் அந்தக் கால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஜெசிந்தா மேடம் வாயால் கேட்காதே என்றார், நான் கண்ணால் கேட்டேன். உற்றுப் பார்க்காதே என்றார், நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பின்னால் போகாதே என்றார், நான் தெருவையே முன்னால் நிறுத்தி வைத்தேன்.

பத்து ஐம்பது. கடுகு வாங்க ஏழு நிமிஷமா? ஹனீபா பாய் மிஸ்டு கால் வந்திருக்க வேண்டும். போனை மேடையில் வைத்துவிட்டு அதையே பார்க்கிறேன். ஐம்பத்தொன்று. கடையிலிருந்து டெய்லர் கடைக்கு எண்பது அடிகூட இருக்காது, நானே நடந்து எண்ணியிருக்கிறேன். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. ஐம்பத்துமூன்று. மாரப்பனும் அடிக்கவில்லை. ஓடினவள் எங்கேயாவது விழுந்திருப்பாள், ஓடினதற்குக் கால் சும்மா விடுமா, ஓரமாக உட்கார்ந்திருப்பாள், இந்த மனுஷர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மறந்திருப்பார்கள். செருப்பைப் போட்டேன். வாசல்படி வரைக்கும் போனேன். பின்னால் போகக் கூடாது. இது முன்னால் போவதுதானே? என் புத்தியைப் பார். செருப்பைக் கழற்றினேன். போன் பண்ணலாமா என்று எடுத்தேன், அவள்தான் போன் கொண்டுபோகவில்லையே, போன் இல்லாமல் போகணும் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. ஹனீபா பாய்க்கு அடித்தேன். எடுத்தார். பாப்பா வருதும்மா, ஒண்ணும் இல்ல, ஆனா இனிமே என்னால முடியாது தங்கச்சி, மன்னிச்சுக்கோ என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன முடியாது? எதற்கு மன்னிப்பு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்து ஐம்பத்தாறுக்குக் கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்க்காமல் இருக்க மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்தாள். முகம் சிவந்திருக்கிறது, கழுத்தெல்லாம் வியர்வை, ஜடை பாதி அவிழ்ந்திருக்கிறது. கையில் கடுகுப் பாக்கெட்டை நசுக்கிப் பிடித்திருக்கிறாள். கண்ணைக் காலுக்குக் கொண்டுபோகாமல் அவள் முகத்திலேயே வைத்திருந்தேன், அதற்கே எனக்குக் கழுத்து வலித்தது.

"எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் என்ன எத்தனை பேர் என்று கேட்டேன்.

"மாரப்பன் மாமா, டெய்லர் பாய், தண்டபாணி அண்ணன். இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

மூணு பேருதான் என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். மாரப்பன் இவளைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாராம், ஒரு தடவை அமுக்கிவிட்டுப் பேசாமல் பையில் போட்டாராம். அப்போது ஒன்றும் தோன்றவில்லையாம். ஹனீபா பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து அதே மாதிரி போனைத் தேடினதும் விளங்கிவிட்டதாம். தெருவில் இருக்கிற எல்லோரும் தன் காலையே பார்க்கிற மாதிரி இருந்ததாம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்கூட. வெட்கமாகப் போய்விட்டதாம்.

"அந்த இடத்தை விட்டுப் போயிரணும்னு இருந்துச்சு. எப்படின்னே தெரியல. ஓடிட்டேன்."

வலிக்கலையா என்று கேட்டுவிட்டேன். ஐந்து வாரம் அடக்கி வைத்திருந்தது, என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

"வலிச்சுது. இப்பவும்தான் வலிக்குது. இங்கன்னா வலிச்சா நின்னுருவேன், நீ பாத்துட்டு இருப்பே, நின்னுதான் ஆகணும். அங்க நிக்கல, அவ்வளவுதான்." வரும்போது மூன்று பேரிடமும் இனிமேல் போன் பண்ணாதீங்க என்று நின்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதனால்தான் நேரமாம். எனக்குப் போனில் சொன்னதைப் பாயே அவளிடம் சொல்லிவிட்டாராம். பிறகு பாக்கெட்டை மேடையில் வைத்தாள், என்னைப் பார்க்காமல் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "பாய் ஓடுதுன்னு சொன்னப்ப என்ன நினைச்சே? நடிக்கிறேன்னு நினைச்சியா?"

இல்லை என்று சொல்வதற்கு அரை நொடிகூட ஆகாது. சாமி சத்தியமா இல்ல என்று சொல்லலாம், சந்தோஷத்துல கை கால் ஓடலடி என்று சொல்லலாம், ஊரையே எதிர்த்துக்கொண்டு உன்னை நம்பினவளைப் பார்த்தா கேக்கிறே என்று கோபப்படக்கூடச் செய்யலாம், எல்லாம் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அவள் என் முகத்தைப் படித்துப் படித்துப் படி ஏறினவள். பொய் சொன்னால் அதையும் பார்த்துவிடுவாள்.

"நினைச்சேன்" என்றேன்.

நான் எதிர்பார்த்தது அழுகை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி டிரம் மேல் உட்கார்ந்தாள்.

"நானும்தான்மா நினைச்சேன். ஓடும்போதே எனக்குப் பக்குனு ஆயிருச்சு. அப்ப இத்தனை நாளா நான் நடிச்சுட்டா இருந்தேன்? அத்தை சொன்னது நெசமா? கடையில போய் நின்னுட்டு அதையே யோசிச்சுட்டு இருந்தேன், தண்டபாணி அண்ணன் என்ன பாப்பா வேணும்னு ரெண்டு தடவை கேட்டாரு, எனக்குக் கடுகுங்கிறதே மறந்துபோச்சு."

நாத்தனார் சொன்னது என்னைத்தான் சுட்டது என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன். கடைவாசலில் நின்றுகொண்டு, ஓடின காலை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், தன்னைத்தானே பொய்க்காரி என்று நினைத்து நின்றிருக்கிறாள் என் பெண். அந்த நினைப்பு எனக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு தாரணி. என் வேலையே பாக்கிறதுதான். உன் காலை நான் பாத்திருக்கேன். அது ஊதாவாப் போனதைப் பாத்திருக்கேன், அது மட்டும் ஜில்லுனு இருந்ததைத் தொட்டிருக்கேன், நீ தூங்கிட்டிருக்கும்போது அது வேர்த்ததைத் துடைச்சிருக்கேன். தூங்குறவ எப்படிடி நடிப்பா? நிறத்தை யாரும் நடிக்க முடியாது. நான் பாத்தேன். யாரு கேட்டாலும் எங்கம்மா பாத்தாங்கன்னு சொல்லு. நீயே கேட்டாலும் அதையே சொல்லிக்கோ."

பக்கத்து வீட்டுக் குக்கர் அடங்கிவிட்டிருந்தது. அவள் முந்தானையின் ஓரத்தை எடுத்து, என் முந்தானையைத்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. பாத்துட்டே இல்ல?" என்றாள். "இனிமே பாக்காதே."

அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டு எழுந்து அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தீக்குச்சி இரண்டு உடைந்தது, மூன்றாவது பற்றியது. முதுகுக்குப் பின்னால் டிரம் மூடி ஒலித்தது, எழுந்துவிட்டாள். எழுந்ததும் ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உதட்டில் எந்தப் பல் பதியும் என்றுகூடத் தெரியும், திரும்பினால் பார்த்துவிடலாம். எண்ணெய் காய்கிறது. ஒரு அடி வைத்தாள். அடுத்த கால் தரையில் இழுபட்டது, ஓடின கால்தான், அந்த இழுப்பு என் முதுகுத்தண்டில் ஏறியது. கண்ணைத் திருப்பிக்கொண்டால் மட்டும் போதாது போலிருக்கிறது, காதும் பார்க்கிறது. இன்னொரு அடி, இன்னொரு இழுப்பு. கூடம் பதினாலு அடி. நான் கடுகுப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கையில் வந்த மட்டும் அள்ளிக் கரண்டியில் போட்டேன். அது படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது, மேடையெல்லாம் தெறித்தது, என் கையில் தெறித்தது, அது அடங்கும்வரைக்கும் அவள் எங்கே நின்றாள், எங்கே நடந்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு ரசத்துக்கு அவ்வளவு கடுகு தேவையே இல்லை.